இடிந்த கோயிலுக்குத் தீட்டில்லை

சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷத்துக்குக் கோயில் படி மிதிக்கக் கூடாது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனாலும் மீறினவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் ஊரே முழிக்கும். சரி, அப்படிப்பட்ட வீட்டார் ஒரு நாள் வெளியே போய் வர வேண்டுமென்றால் எங்கே போவார்கள்? தஞ்சாவூர் டிராவல்ஸ்காரர்களின் பலகையைப் பார்த்தால் தெரியும். நவக்கிரகம், பஞ்சபூதத் தலம், ஆறுபடை வீடு, ராகுகாலத்துக்குத் தனி வேன். நம்மவர்களுக்குச் சுற்றுலா என்றாலே சாமிதான். சாமியைக் கழித்துவிட்டால் வேனுக்குப் போக்கிடம் கிடையாது.

கவிப்ரியாதான் அந்த விளம்பரத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு மாமியார் சாவித்திரியிடம் கொண்டுவந்து காட்டினாள். பூம்புகார், தரங்கம்பாடி, ஒருநாள் வரலாற்றுப் பயணம், விளக்கிச் சொல்ல ஆள் உண்டு என்று போட்டிருந்தது.

“கோயில் இல்ல அத்தை. எல்லாம் இடிஞ்சதுதான். பழைய செங்கக் கட்டு, கோட்டை, இந்த மாதிரி.”

“இடிஞ்ச கோயிலா இருந்தா?”

“இடிஞ்சதுக்கு ஏது அத்தை தீட்டு? உள்ளதான் சாமி இல்லையே.”

சாவித்திரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கு எது சொன்னாலும் நியாயமாகத்தான் பட்டது இந்த ஒன்பது மாதமாக. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். மாசி மாதம் திருச்சி விமான நிலையத்தில் மகனைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தபோது, இங்கே கையெழுத்துப் போடுங்க என்றார்கள், போட்டாள். தமிழரசனுக்கு முப்பத்திரண்டு வயது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் விவரம். அதற்கு மேல் விசாரித்தவர்களுக்கும் அதற்கு மேல் கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெற்றவளுக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

புருஷன் பஞ்சநதத்தின் நிலைமை வேறு. அறுபத்து மூன்று வயதில் மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். குடமுருட்டிக் கரையில் இருக்கும் நாலு ஏக்கரை ஒரு நாள் பார்க்காவிட்டால் சோறு இறங்காதவர், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆடியில் ஒரு நாள் மட்டும் விதைநெல் பையை எடுத்துக்கொண்டு மன்னார்குடி போய் வந்தார், வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டார். இந்த சம்பாவுக்கு நாற்று விட ஆள் பார்த்தது கவிப்ரியா. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது மண்வெட்டியோடு போய் வரப்பில் நின்று மடை திறந்துவிட்டது கவிப்ரியா. பி.காம். படித்த பெண். கல்யாணமாகி வரும்போது அவளுக்கு வடிகாலுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் தமிழரசனோடு அவள் சேர்ந்து இருந்தது இரண்டு விடுமுறை, எழுபத்து நாலு நாள். பிள்ளை குட்டி இல்லை.

கார்த்திகை மாதம் இரண்டாம் களையும் எடுத்து மேலுரமும் போட்டாயிற்று. பயிர் தூர் கட்டி நிற்கிறது. மாமாவை ஒரு நாளாவது சுவரிலிருந்து பிரித்துக் கூட்டிப் போகலாம் என்றுதான் கவிப்ரியா இந்தப் பயணத்தைப் பிடித்தாள். அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அது சாவித்திரிக்குத் தெரியும்.

பத்து நாளைக்கு முன்னால் கவிப்ரியாவின் அண்ணன் இளம்பரிதி மன்னார்குடியிலிருந்து சாவித்திரிக்குப் போன் செய்தான்.

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சிக்கு ஒரு இடம் வந்துருக்கு. திருவாரூர்ல மின்வாரியத்துல இருக்காரு. பொண்சாதி தவறி நாலு வருஷம் ஆவுது. நல்ல மனுஷன்னு நாலு எடத்துல விசாரிச்சுட்டேன்.”

சாவித்திரி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வருஷம் திரும்புற வரைக்கும் அவங்க காத்திருக்கத் தயாரு. வார்த்தை மட்டும்தான் வேணுங்கறாங்க. நான் சொன்னா கவி செருப்பைக் கழட்டுவா. அத்தையையும் மாமாவையும் விட்டுட்டு எங்கயும் வர மாட்டேன்னு போன தடவையே சொல்லிட்டா. நீங்க சொன்னாதான் அத்தை கேப்பா.”

“ம்.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவங்ககிட்ட தவணை கேட்டுருக்கேன். அதுக்குள்ள அவ காதுல போட்டுடுங்க. வேணாம்னாலும் சொல்லிடுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்.”

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பத்து நாளாகச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தாள் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் என்றும் சொல்ல முடியாது. நாள் போய்க்கொண்டிருந்தது, போக விட்டாள். கவிப்ரியா போய்விட்டால் அந்த வீட்டில் சுவரைப் பார்த்து ஒருவரும் கூரையைப் பார்த்து ஒருவரும் படுத்திருக்க வேண்டியதுதான். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு தஞ்சாவூரில் வேன் ஏறினார்கள். பதினோரு பேர். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர்களும் காலேஜ் வாத்தியார்களுமாக மற்றவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்திருந்தார்கள். இவர்கள் புளியோதரைத் தூக்கோடு வந்திருந்தார்கள். விளக்கிச் சொல்ல வந்த பெண்ணின் பெயர் நுஸைபா. நாகூர்க்காரி, வயது இருபத்தாறு இருக்கும், தலையில் முக்காடு, கையில் சின்ன மைக். வரலாற்றில் எம்.ஏ. படித்தவள் என்றாலும் பேச்சில் அந்தக் கனம் இல்லை.

“முதல்லயே சொல்லிடறேன். அங்க போய் ஊரைக் காணோமே, அரண்மனையைக் காணோமேன்னு என்னைய ஏசக் கூடாது. காணாமப் போனதைப் பாக்கத்தான் நாம போறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சநதம் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கும்பகோணம் தாண்டினதும் ஒரு வயலில் மஞ்சள் பாரித்திருந்தது. அவர் வாய் லேசாக அசைந்ததை சாவித்திரி கண்டாள். சத்தம் வரவில்லை.

பூம்புகாரில் வானம் மூடிக் கிடந்தது. மனிதர்களைக் கரையில் நிற்க வைத்து, கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது, தண்ணீருக்கடியில் முங்கிப் பார்த்தவர்கள் என்னென்ன கண்டார்கள் என்று நுஸைபா சொன்னாள். சாவித்திரி கடலைப் பார்த்தாள். ஜனங்கள் கடலைப் பார்த்தால் என்னவோ ஆகும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறைய தண்ணீர் இருந்தது, கண் எட்டின மட்டும் சேற்று நிறமாக, அவ்வளவே. பக்கத்தில் காவேரி வந்து சேரும் இடத்தில் யாரோ ஒரு குடும்பம் இலை போட்டுத் திதி கொடுத்துக்கொண்டிருந்தது. கவிப்ரியா மாமியாரின் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள்.

“இப்புடி வாங்க அத்தை, இங்க காத்து நல்லா வருது.”

அங்கிருந்து ஊருக்குள் ஒரு இடத்தில் தோண்டியெடுத்த செங்கல் கட்டு ஒன்றைக் காட்டினார்கள். சுற்றிக் கம்பிவேலி. உள்ளே இடுப்பளவு பள்ளத்தில் வளைவாக ஒரு சுவர், அதில் ஒரு திறப்பு. பழைய காலத்து நீர்த்தேக்கம் என்றாள் நுஸைபா. ஆற்றுத் தண்ணீர் அந்தத் திறப்பு வழியாக உள்ளே வந்து தேங்கியிருக்கிறது என்றாள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பஞ்சநதம் நகரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரம் குந்தினார். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏம்மா,” என்றார்.

சாவித்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது மாதத்தில் அந்தக் குரலில் சோறு, தண்ணி, போதும் என்ற மூன்று வார்த்தை தவிர வேறு கேட்டதில்லை.

“சொல்லுங்க ஐயா,” என்று நுஸைபா திரும்பி வந்தாள்.

“இந்த வாய்க்கு எதிர்ல தரையில கல்லு பாவிருக்கு பாருங்க. தண்ணி விழுற எடத்துல மண்ணு குழி பறிக்கும். அதுக்காவப் போட்டுருக்கான். நாங்க மதகுக்கு முன்னால கருங்கல் போடுவோம், அதேதான். இதைக் கட்டுனவன் வயக்காட்டு ஆளு.”

“அப்படியா ஐயா? இது எனக்குத் தெரியாதே. புஸ்தகத்துல செங்கல் அளவு மட்டுந்தான் போட்டுருக்காங்க.”

“அளவு கெடக்கு. இவன் ஒரு தடவை குழி பறிச்சுப் பாத்துட்டு, பொறவு போட்டுருக்கான். சுவத்துக் கல்லு ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி இருக்கு பாருங்க. முதல் வருஷம் ஏமாந்துருக்கான்.”

கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மாமா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஏமாந்தவனையும் விட மாட்டீங்களா?” பஞ்சநதம் அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை என்றாலும் முகம் கொஞ்சம் இளகியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சாவித்திரி, இந்தப் பெண் போனால் இந்த மனிதர் இத்தோடு போய்விடுவார், சொல்லவே கூடாது என்று முடிவு கட்டினாள். பத்து நாளில் அவள் எடுத்த முதல் முடிவு அது.

ஆனால் முடிவு எடுத்தபின் நிம்மதியாக இருந்திருக்க வேண்டுமே? தரங்கம்பாடி போய்ச் சேரும் வரை போன் மடியில் மூன்று தடவை அதிர்ந்தது. இளம்பரிதிதான். அவள் எடுக்கவில்லை.

கோட்டைக்கு முன்னால் வேன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மற்றவர்கள் மீன் வறுவல் சாப்பிட ஓட்டலுக்குப் போனார்கள். கவிப்ரியா இலைத் துண்டில் புளியோதரை வைத்தாள். மாமாவுக்குக் கடலைப்பருப்பு பல்லில் சிக்கும் என்று பொறுக்கி எடுத்துவிட்டு வைத்தாள். சாவித்திரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கவி...”

“என்ன அத்தை, மோர்மிளகா வேணுமா?”

“ம்.”

மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் நுஸைபா எல்லோரையும் கோட்டை மதில்மேல் ஏற்றினாள். டேனிஷ்காரன் வந்த கதை, அச்சுக்கூடம் வைத்த கதையெல்லாம் சொன்னாள். பிறகு கடலோரமாகக் கை நீட்டிக் காட்டி, “அதோ அலையில கருங்கல்லு கெடக்குதே, அது கோயிலோட முன்பக்கம். எழுநூறு வருஷத்துக் கோயில். கொஞ்சம் கொஞ்சமா கடல் தின்னுடுச்சு. முக்கா மணி நேரம் இருக்கு, அவங்கவங்க சுத்திப் பாத்துட்டு வந்துடுங்க,” என்றாள். பஞ்சநதம் பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கவிப்ரியா தூக்குச்சட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

சாவித்திரி இறங்கி மணலில் நடந்தாள். எங்கே என்று இல்லை, கால் போனது. கரையோரம் கருங்கல் துண்டுகள் பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தன. ஒன்றில் பூ வேலை செய்திருந்தது. ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தூறலாக இல்லை, எடுத்த எடுப்பிலேயே சடசடவென்று கொட்டியது. கண்ணுக்கு எதிரே கல்லில் ஒரு வாசல் தெரிந்தது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அதற்குள் ஓடினாள்.

உள்ளே இருட்டு. எண்ணெய் வாசனை அடித்தது. கண் பழகுவதற்குள் ஒரு குருக்கள் தட்டோடு எதிரே வந்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஐம்பது வருஷத்துப் பழக்கம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கையை நீட்டினாள், திருநீற்றை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டாள். பூசின பிறகுதான் உறைத்தது. அலையில் கிடந்தது முன்பக்கம். பின்பக்கம் இடியவில்லை. பின்பக்கத்தில் சாமி இருக்கிறார், பூசை நடக்கிறது. வருஷம் திரும்ப இன்னும் மூன்று மாதம் இருக்கையில் அவள் கர்ப்பக்கிருகத்துக்கு எதிரே நெற்றியில் நீறோடு நிற்கிறாள்.

திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே கொட்டுகிற மழையில் கவிப்ரியா நின்றாள். மாமியாரைத் தடுக்க ஓடி வந்திருக்கிறாள், அலைச் சத்தத்தில் கூப்பிட்டது கேட்கவில்லை. படிக்கு ஒரு அடி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. சுடிதார் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. குளிரில் தாடை நடுங்குகிறது. ஒரு அடி எடுத்து வைத்தால் கூரை. வைக்கவில்லை.

“உங்க பொண்ணாம்மா? நனையுறாளே, உள்ள வரச் சொல்லுங்கோ,” என்றார் குருக்கள்.

“வரக் கூடாது சாமி. சாவு வீடு. இன்னும் வருஷம் ஆவல.”

குருக்கள் அவள் நெற்றியைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாவித்திரி நின்றாள். என்னவோ ஆகப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரிந்தது. மழை பெய்தது. எழுபத்து நாலு நாள் கூட வாழ்ந்தவனுக்காக ஒரு பெண் மழையில் நின்றாள். சாவித்திரிக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். விடுவிடுவென்று போய்க் கவிப்ரியாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா உள்ள.”

“அத்தை, வேணாம். இன்னும் மூணு மாசம்...”

“நான் வந்துட்டேன். துண்ணூறும் பூசியாச்சு. என்னா ஆயிடுச்சு? வான்னு சொல்றேன்ல.”

மண்டபத்துக்குள் இழுத்து நிறுத்தி முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஒங்கண்ணன் போன் பண்ணிச்சு. திருவாரூர்ல ஒரு எடம் வந்துருக்காம். மின்வாரியத்துல இருக்காராம். மொதப் பொண்சாதி தவறிடுச்சாம். நீ சரின்னு சொல்லணும்.”

கவிப்ரியா துவட்டும் கையைப் பிடித்துக்கொண்டாள். “எப்ப பண்ணுச்சு?”

“பத்து நாள் ஆச்சு.”

“பத்து நாளா சொல்லலையா?”

“சொல்லல. நீ போயிட்டா நாங்க என்ன பண்ணுறதுன்னுதான் சொல்லல. வேற ஒண்ணும் இல்ல.”

“நான் உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போறதா இல்ல அத்தை. அதை அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். இந்தப் பேச்சை விடுங்க.”

“ஏன் விடணும்? நீ எங்களுக்குக் கடலைப்பருப்பு பொறுக்கிக்கிட்டே கெழவியாவணுமா?”

கவிப்ரியா அழுதாள். மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சாவித்திரி முந்தானையைப் பிழிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். மழை தணிந்தபோது கவிப்ரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கேட்டாள்.

“அவங்களுக்கு என்ன வயசாம்?”

சாவித்திரி பிழிந்துகொண்டிருந்த முந்தானையை விட்டுவிட்டாள். இவள் கேட்டுவிட்டாள். இவளுக்கும் ஆசை இருக்கிறது, இருக்கத்தானே செய்யும், இருபத்தெட்டு வயது. தன் பிள்ளை போய்விட்டான் என்பது பெட்டியைப் பார்த்தபோது தெரியவில்லை, கொள்ளி வைத்தபோது தெரியவில்லை. இந்தப் பெண் இன்னொருவனுடைய வயதைக் கேட்டபோது தெரிந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக வலித்தது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“முப்பத்தஞ்சோ முப்பத்தாறோ. சரியாக் கேட்டுச் சொல்றேன்,” என்றாள்.

கோட்டைக்குத் திரும்பியபோது பஞ்சநதம் பீரங்கியை விட்டு வாசல் வளைவுக்குக் கீழே ஒதுங்கியிருந்தார். ஈரத்தோடு வந்த இரண்டு பேரையும் பார்த்தார். பெண்சாதியின் நெற்றியையும் பார்த்தார். கவிப்ரியா துணி உலர்த்த வேனுக்குப் போனதும் சாவித்திரி அவருக்கு எதிரே நின்றுகொண்டாள். கத்தட்டும், அடிக்கட்டும், எதுவானாலும் இப்போதே ஆகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

“என்னங்க, கவிக்கு ஒரு எடம் வந்துருக்கு. திருவாரூர் பக்கம். நான் சொல்லிட்டேன் அதுகிட்ட.”

பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒங்களை ஒரு வார்த்தை கேக்காம சொன்னது தப்புதான். அதுக்காக நீங்க...”

“நான்தான் இளம்பரிதிகிட்ட பாக்கச் சொன்னேன்.”

சாவித்திரிக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை.

“ஆடி மாசம் மன்னார்குடிக்குப் போனேன்ல? விதைநெல்லுப் பையை எடுத்துக்கிட்டு. நெல்லுக்குப் போவல. அந்தப் புள்ள கையைப் புடிச்சுக்கிட்டு, ஒந்தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணுப்பான்னு சொல்லிட்டு வந்தேன். நான் சொன்னேன்னு ஒனக்குத் தெரிய வேணாம்னும் சொன்னேன்.”

“ஏன்? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ அழுவவே இல்ல. பெத்த வயிறு, அழுதுருந்தா சொல்லிருப்பேன். கல்லு மாதிரி இருக்கறவகிட்ட இருக்கறதையும் புடுங்கறேன்னு எப்புடிச் சொல்றது?” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “கவி மொகத்தை எப்புடிப் பாக்கறதுன்னுதான் செவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தேன்.”

இரண்டு பேரும் வளைவுக்குக் கீழே நின்றார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நுஸைபா வேனருகில் நின்று எல்லோரையும் கைதட்டி அழைத்தாள். சாவித்திரி மடியிலிருந்து போனை எடுத்தாள். மணி நாலரை. ஒரே ஒரு மணி அடிப்பதற்குள் இளம்பரிதி எடுத்துவிட்டான்.

“அத்தை, என்ன ஆச்சு? காலையிலேந்து அடிக்கறேன்...”

“சொல்லியாச்சுப்பா. வந்து பாக்கட்டும். மாசியில தலைத்திவசம் முடிஞ்சதும் வரச் சொல்லு.”

அவன் குரல் கம்மி வந்தது. “சரிங்க அத்தை. ரொம்ப... சரிங்க அத்தை. அப்ப நான் ஒரு வாரம் முன்னாடியே வந்து கவியை இங்க மன்னார்குடிக்கு அழைச்சுக்கிட்டு வந்துடறேன். அவங்களை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லிடலாம்.”

“அங்க எதுக்கு?” என்றாள் சாவித்திரி. அவள் அழுதுகொண்டிருந்தாள், பஞ்சநதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க வரச் சொல்லு. பொண்ணு எங்க வீட்லல்ல இருக்கு.”